இப்போதைக்குத் திறந்து வை

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வெயில் ஆகாது. ஈரோடுதானே? நானும் ஈரோடுதான். நல்லதாப் போச்சு. பஸ்ஸுல எனக்குப் பேச ஒரு ஆள் வேணும், இல்லைன்னா அவிநாசி தாண்டறதுக்குள்ள தூங்கிருவேன்.

என் பேரு தங்கவேலு. சரவணம்பட்டியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டெலிவரி மேனேஜர். டெலிவரின்னதும் வீடு வீடா பார்சல் குடுக்கறவன்னு எங்க மாமனாரு ரொம்ப நாள் நெனைச்சுக்கிட்டிருந்தாரு. அதில்லீங்க. கஸ்டமர் ஒரு வேலை கேப்பாங்க, பசங்க செய்வாங்க, சொன்ன தேதிக்கு அது போய்ச் சேருதான்னு பாக்கறது என் வேலை. சொன்ன தேதிக்கு. அதுதான் என் கொள்கை. எப்படி இருக்குதுங்கறதை அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல போய்ச் சேரணும்.

இப்ப எதுக்கு ஈரோட்டுக்குப் போறேன்னு கேளுங்க. ஒரு பொண்ணுகிட்ட சம்மதம் வாங்கப் போறேன். கல்யாண விசயமில்லைங்க. எனக்குக் கீழ வேலை பாத்த பொண்ணு. எனக்குக் கீழ, சார். இன்னைக்கு அது சரின்னு தலையாட்டினாத்தான் எங்க வேலை வெளிய போகும். எப்படி இப்படி ஆச்சுன்னு நானே அப்பப்ப யோசிக்கறதுண்டு. என் பக்கம் எந்தத் தப்பும் இல்லை, அதை மொதல்லயே சொல்லிடறேன்.

ஒரு லேப்பு. ரத்தம், சளி எல்லாம் எடுத்து டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுப்பாங்களே, அது. ஈரோடு, பெருந்துறை, கோபி, பவானின்னு ஊரு ஊரா கிளை. பேரு சொல்ல மாட்டேன். எங்க தொழில்ல மொத விதியே அதுதான், கஸ்டமரோட ரகசியம் வெளிய போகக் கூடாது. வேதநாயகின்னு ஒரு டாக்டரம்மாவோட லேப்பு, அவ்வளவுதான் சொல்லுவேன். ஈரோட்ல யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க.

அந்தம்மாவுக்கு நாங்க ஒரு ஆப் செஞ்சு குடுத்தோம். டெஸ்ட் முடிஞ்சதும் உங்க போனுக்கு ஒரு லிங்க் வரும். தட்டினா ரிப்போர்ட். லேப்புக்கு நடந்து போய்ப் பேப்பர் வாங்க வேண்டியதில்லை. ரிப்போர்ட் எல்லாம் எங்க இருக்கும்னு கேட்டா, கிளவுட்ல. மேகம், மேகம்னு பெருசாச் சொல்றாங்களே, அது வேற ஒண்ணுமில்லைங்க, எவனோ ஒருத்தனோட கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கறதுதான். குடோன் வாடகைக்கு எடுக்கற மாதிரி. சரக்கு நம்முளது, கட்டடம் அவனுது. பூட்டும் அவனே குடுக்கறான். பூட்டறது நம்ம பாடு.

இந்த வேலையைக் கையில எடுத்துச் செஞ்சது ஜெசிந்தா. தூத்துக்குடிப் பொண்ணு. கல்யாணமாகி கணபதியில குடியிருக்குது, ஒரு கைக்குழந்தை. வேலையில கெட்டி, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா ஒரு குணம். எதையும் ஒரு தடவை சொல்லிட்டு விடாது. கேஸ் அடுப்பை அணைச்சோமான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறவங்க இருப்பாங்களே, அந்த ரகம்.

தொடக்க விழா பெருந்துறையில ஒரு மண்டபத்துல. ஊர்ப் பெரியவங்க, டாக்டருங்க, டாக்டரம்மாவோட சொந்தபந்தம் எல்லாம் முன் வரிசையில. மேடையில பெரிய திரை. டாக்டரம்மா ஒரு பட்டனைத் தட்டணும், திரையில ஒரு ரிப்போர்ட் வரணும், எல்லாரும் கை தட்டணும். எங்க எம்.டி நவநீதன் கோட்டு போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. அந்த வெயில்ல கோட்டு.

எல்லாம் சரி. லாகின் மட்டும் வேலை செய்யலை. போனுக்கு ஒரு ஓ.டி.பி வரணும், வரவே இல்லை. மேடையில வரவேற்புரை முடியப் போகுது. நவநீதன் என்னையப் பாக்கறாரு. நான் ஜெசிந்தாவைப் பாக்கறேன். அது லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு நகத்தைக் கடிக்குது.

நான் போய் மெதுவாச் சொன்னேன். "அம்மிணி, லாகின் கேக்காம விட்டுரு. இப்போதைக்குத் திறந்து வை."

"சார், திறந்தா எல்லாருக்கும்லா திறந்துரும். லிங்க் வச்சிருக்கிற யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"பாக்கட்டுமே. பாக்கறதுக்குத்தானே செஞ்சிருக்கோம்."

"அடுத்தவங்க ரிப்போர்ட்டையும் பாக்கலாம் சார்."

"விழா முடிஞ்சதும் மூடிக்கலாம். வரவேற்புரை முடியுது பாரு."

திறந்து விட்டுச்சு. டாக்டரம்மா பட்டனைத் தட்டினாங்க, திரையில ரிப்போர்ட் பளிச்சுனு வந்துருச்சு. அது அவங்க டிரைவரோடது. கொழுப்பு அதிகம்னு செவப்பு எழுத்துல இருந்துச்சு. மண்டபமே படிச்சுட்டுச் சிரிச்சுது. அந்தாளும் எந்திரிச்சு எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டாரு. பிரமாதமா நடந்துச்சு சார். சாப்பாடும் நல்ல சாப்பாடு.

மூடலையான்னு கேக்கறீங்களா? மூடறதுக்குத்தான் இருந்தோம். ஆனா மூடினா லாகின் கேக்கும். லாகின் வேலை செய்யலை. அதைச் சரி பண்ண ஆள் வேணும். ஆளுங்க எல்லாம் கோபி கிளை வேலையில. கோபி முடிஞ்சா பவானி. பவானிக்குத் தேதி குடுத்தாச்சு. நீங்களே சொல்லுங்க, ஓடிக்கிட்டிருக்கற வண்டியை நிறுத்திட்டு யாராச்சும் கதவைச் சரி பண்ணுவாங்களா?

ஜெசிந்தா சொல்லுச்சு. இல்லைன்னு நான் சொல்லலை. லிஃப்டுல சொல்லுச்சு. கேன்டீன்ல தோசை வாங்க நிக்கறப்பச் சொல்லுச்சு. எங்க வீட்டு விசேசத்துக்கு வந்து மொய்க்கவரைக் குடுத்துட்டு, "சார், அதை இன்னும் மூடலை"ன்னு சொல்லுச்சு. எங்க சம்சாரம் வீட்டுக் கதவைத்தான் சொல்றாங்கன்னு நெனைச்சுப் போய்ப் பாத்துட்டு வந்தாங்க.

நான் ஒரு நாள் கூப்புட்டுச் சொன்னேன். "இந்த மாதிரி போற வாற எடத்துல சொன்னா எப்படிம்மா? முறைப்படி சொல்லணும்." மறுநாள் மெயில் போட்டுருச்சு. நான் நேராப் போய்க் கேட்டேன். "பக்கத்துலதானே உக்காந்திருக்கேன், மெயில் எதுக்கு? வாயில சொன்னாப் போதாதா?" ரெண்டு நிமிசம் என்னையவே பாத்துக்கிட்டிருந்துச்சு. அந்தப் பார்வை எனக்கு இன்னைக்கும் புரியலை.

இது செங்கப்பள்ளி. கொஞ்சம் வண்டி நிக்கும். பரவாயில்லை, நம்ம பேசுவோம்.

மழைக்காலம் தொடங்கற சமயம் அது நடந்துச்சு. சுப்புராஜ்னு ஒருத்தரு, பெருந்துறைப் பக்கம் பஞ்சு வியாபாரம். சுகர் டெஸ்ட் எடுத்திருக்காரு. போன்ல எழுத்து சிறுசாத் தெரியுதுன்னு, கடைக் கம்ப்யூட்டர்ல லிங்க்கைப் பாத்துப் பாத்து அடிச்சிருக்காரு. அந்த லிங்க்குக் கடைசியில ஒரு நம்பர் இருக்கும். ஆளுக்கொரு நம்பர். அதுல ஒரு எண்ணை மாத்தி அடிச்சுட்டாரு. அவரு ரிப்போர்ட்டுக்குப் பதிலா வேற ஒருத்தரு ரிப்போர்ட் வந்திருக்குது. பூட்டு இருந்தா வந்திருக்காது, அது வேற விசயம்.

வந்தது யாரோடதுன்னா, அவரு பையன் படிக்கற பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கற டீச்சரோடது. டி.பி. இருக்குதுன்னு ரிப்போர்ட். பழசு சார். ரொம்பப் பழசு. அந்தம்மா மருந்து முழுசாச் சாப்பிட்டு, குணமாகி, திரும்ப வேலைக்கு வந்து வருசமாச்சு. லேப்பு சேத்து வெச்சிருந்த பழைய ரிப்போர்ட்டையும் நாங்க ஏத்தியிருந்தோம், அதுல ஒண்ணு. பேரு சொல்லக் கூடாது, பாவம். கோகிலவாணி டீச்சர். நீங்க கேட்டதா வெச்சுக்காதீங்க.

சுப்புராஜ் அதைப் படம் புடிச்சு பெத்தவங்க வாட்ஸப் குரூப்புல போட்டாரு. "நம்ம குழந்தைகளுக்கு யார் பாதுகாப்பு?"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். சாயந்திரத்துக்குள்ள பள்ளிக்கூடத்து வாசல்ல கூட்டம். மறுநாள் தாளாளரு அந்த டீச்சரைக் கூப்புட்டு, "கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா, அடங்கட்டும்"னு சொல்லிட்டாரு. டியூசனுக்கு வந்துக்கிட்டிருந்த புள்ளைங்களும் நின்னுருச்சு. அவங்க வீட்டுக்காரரு நேரா லேப்புக்குப் போய் மேசையைத் தட்டிக் கேட்டிருக்காரு. டாக்டரம்மா நவநீதனுக்குப் போன் போட்டாங்க. நவநீதன் எனக்கு.

நான் ஜெசிந்தாகிட்ட ஓடினேன். "மூடு, மொதல்ல மூடு"ன்னேன். நாலஞ்சு தட்டு தட்டுச்சு. மூடிருச்சு. நான் டீ டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள மூடிருச்சு.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "இவ்வளவு சுலபமா மூடலாம்னா இத்தனை நாளா ஏம்மா மூடலை?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே. அது ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அப்பறம், "அந்த டீச்சர் பேர் என்ன சார்?"னு மட்டும் கேட்டுச்சு.

லாகின் சரியாகற வரைக்கும் லேப்புல பழையபடி பேப்பர்ல ரிப்போர்ட் குடுத்தாங்க. சனங்க நடந்து வந்து வாங்கிட்டுப் போனாங்க. ஒண்ணும் குடி முழுகிடலை.

நவநீதன் ரூம்ல கூடினோம். டாக்டரம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு பேச்சு. நான்தான் யோசனை சொன்னேன். ஹேக்கருங்கன்னு சொல்லிடலாம். வெளிநாட்டுல இருந்து தாக்குதல். இன்னைக்கு யாரையும் தாக்கறாங்க, பெரிய பெரிய எடத்துலயே நடக்குது, நம்மளை மட்டும் யாரு கொறை சொல்லுவா? நவநீதனுக்குப் புடிச்சிருந்துச்சு. எந்த நாடுன்னு போடலாம்னு கேட்டாரு. நாடு வேண்டாம் சார், பொதுவா இருக்கட்டும்னேன். அந்த மாதிரி நுணுக்கமெல்லாம் எனக்கு உண்டு.

ஈரோட்டுக்குப் போனோம். நான், நவநீதன், ஜெசிந்தா. டாக்டரம்மா வயசானவங்க, கதர் சேலை, கண்ணாடிக்கு மேல பாக்கறவங்க. நவநீதன் தாக்குதல் கதையை அழகாச் சொன்னாரு. சுவரு, அலாரம், கண்காணிப்பு, எதிரிங்க ரொம்பத் தெறமையானவங்க, எல்லாம் வந்துச்சு. அந்தம்மா பொறுமையாக் கேட்டுட்டு ஜெசிந்தா பக்கம் திரும்பினாங்க.

"நீதானே செஞ்ச பொண்ணு? ஹேக்கரா?"

ஜெசிந்தா எங்களைப் பாக்கவே இல்லை. "இல்லை மேடம். யாரும் உடைக்கலை. உடைக்கறதுக்குப் பூட்டே இல்லை. விழா அன்னைக்குத் திறந்தோம், அப்பறம் நாங்க மூடலை."

"நாங்கன்னா?"

"நாங்க எல்லாரும் மேடம்."

பாத்தீங்களா. நாங்க எல்லாரும்னு. நான் சொல்லாததையெல்லாம் என் தலையிலயும் சேத்துப் போட்டுருச்சு. நவநீதன் முகம் போன போக்கைப் பாக்கணும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாங்க. தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. "அன்னைக்கு மண்டபத்துல என் டிரைவர் ரிப்போர்ட்டைப் பாத்து நானும்தான் சிரிச்சேன்"ன்னாங்க. எதுக்குச் சொன்னாங்கன்னு தெரியலை. அப்பறம் சொன்னாங்க, "உங்க கம்பெனியில இருந்து ஆள் போயி அந்த டீச்சரை நேர்ல பாத்துப் பேசணும். போன்ல இல்லை."

நவநீதனுக்கு அவசரமா ஒரு கல்யாணம் இருந்துச்சு. நானும் ஜெசிந்தாவும் போனோம்.

ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு பாக்கெட் இனிப்பு எல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன், கை வீசிக்கிட்டுப் போகலை. வீட்டுக்காரரு வாங்கன்னு கூடச் சொல்லலை. டீச்சர்தான் உக்காரச் சொன்னாங்க. ரெண்டு டம்ளர்ல தண்ணி கொண்டு வந்து வெச்சாங்க. குணமாயிருச்சுன்னு எனக்கும் தெரியும், படிச்சிருக்கேன். இருந்தாலும் எதுக்கு வம்புன்னு நான் தொடலை. ஜெசிந்தா தன் டம்ளரை எடுத்துக் குடிச்சுது. நான் குடிக்காததைப் பாத்துட்டு என் டம்ளரையும் எடுத்துக் குடிச்சுது. அவ்வளவு தாகம் போல.

நான் பக்குவமா ஆரம்பிச்சேன். "மேடம், நடந்ததுக்கு எங்க நிர்வாகம் ரொம்ப வருத்தப்படுது. சிஸ்டம்ல ஒரு சின்னப் பிரச்சனை. தானா திறந்துக்கிச்சு."

"திறந்துக்கிச்சா, திறந்தீங்களா?"ன்னு கேட்டாங்க.

"அது வந்து மேடம், டெக்னிக்கலா…"

"எங்க கிளாஸ்ல ஸ்கேல் உடைஞ்சா, உடைஞ்சிருச்சு மிஸ்ஸுன்னுதான் புள்ளைங்க சொல்லும். யாரு உடைச்சதுன்னு கேட்டாத்தான் மேல பேச முடியும்."

பாவம், கணக்கு டீச்சர். டெக்னாலஜி அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு சிஸ்டத்துல ஆயிரம் காரணம் இருக்கும்னு புரிய வைக்கலாம்னு நான் வாயைத் திறந்தேன், அதுக்குள்ள ஜெசிந்தா பேசிருச்சு.

"நாங்கதான் மேடம் திறந்தோம். திறந்தது என் கை. மூடணும்னு எனக்குத் தெரியும். சொல்லிக்கிட்டே இருந்தேன். ஆனா மூடலை."

"ஏன்?"

"மூடினா ஆப் நின்னுரும். தேதி தவறும். வேலை போயிரும்னு பயம்."

டீச்சர் சாதாரணமாத்தான் சொன்னாங்க, கொரலை உசத்தலை. "போனது என் வேலை."

"ஆமா மேடம்"னுச்சு ஜெசிந்தா. மன்னிச்சிருங்கன்னு கூட உடனே சொல்லலை. கண்ணு கலங்கிருச்சு, துப்பட்டாவுல தொடச்சுக்கவும் இல்லை. எனக்குக் கூச்சமாப் போச்சு. ஆப்பிள் பையை இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சேன்.

டீச்சர் கேட்டாங்க, "இப்ப எங்கிட்டச் சொன்னதை பள்ளிக்கூடத்துல, அந்தப் பெத்தவங்க முன்னாடி சொல்லுவீங்களா?"

"வர்றேன் மேடம்."

நான் காலால இடிச்சேன். கம்பெனியைக் கேக்காம எப்படிப் போறது, வக்கீலைக் கேக்கணுமில்ல. இடிச்சதும் ஜெசிந்தா, "சார், உங்க கால்"னுச்சு. சத்தமா.

சொன்ன மாதிரியே ஜெசிந்தா பள்ளிக்கூடத்துக்குப் போச்சு சார். டாக்டரம்மாவையும் கூட்டிக்கிட்டு, லீவு போட்டுட்டுப் போச்சு. நானும் போனேன், கம்பெனி சார்புல என்ன பேசறாங்கன்னு பாக்கணுமில்ல. கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டேன். பெத்தவங்க எல்லாம் கடுகடுன்னு இருந்தாங்க. டாக்டரம்மா எந்திரிச்சு, டி.பி.ங்கறது யாருக்கும் வரலாம், மருந்து முழுசாச் சாப்பிட்டா போயிரும், இந்த டீச்சருக்குப் போயிருச்சு, என் பேத்தியை இவங்க பக்கத்துல உக்கார வெப்பேன்னு சொன்னாங்க. கொஞ்சம் அடங்குச்சு.

அப்பறம் ஜெசிந்தா. திறந்து வெச்சிருந்தோம்னு சொல்லுச்சு. டீச்சரோட ரிப்போர்ட் மட்டுமில்லை, எல்லாரோடதும்னு சொல்லுச்சு.

சுப்புராஜ் எந்திரிச்சாரு. ஆளு நல்ல ஒசரம். "எல்லாரோடதும்னா? என்னோடதுமா?"

"ஆமாங்க. உங்களோடதும் திறந்துதான் இருந்துச்சு."

"அதை யாராச்சும் பாத்திருப்பாங்களா?"

"பாத்திருக்கலாங்க. இல்லைன்னு என்னால சொல்ல முடியாது."

அப்ப அந்த ஹாலைப் பாக்கணும் சார். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ரிப்போர்ட்டை நெனைக்கறாங்க. மூஞ்சியிலயே தெரியுது. ஒரு அம்மா பக்கத்துல இருந்த வீட்டுக்காரரை ஒரு மாதிரி பாத்தாங்க, அந்தாளு சட்டுன்னு மின்விசிறியைப் பாத்தாரு. சுப்புராஜ் மெதுவா உக்காந்துட்டாரு. போனை எடுத்து அந்தப் படத்தை அழிச்சாரு. கூட்டம் முடிஞ்சு போறப்ப டீச்சர் முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அவங்க திரும்பக் கும்பிடலை. "பையனை பன்னெண்டாம் வாய்ப்பாடு படிக்கச் சொல்லுங்க, தடுமாறுறான்"ன்னாங்க.

அடுத்த வாரமே டீச்சர் வேலைக்குப் போயிட்டாங்க. டியூசன் புள்ளைங்க பாதிதான் திரும்பி வந்துச்சுன்னு கேள்வி. லேப்பு எல்லா நோயாளிங்களுக்கும் தகவல் சொல்லுச்சு, எங்க கம்பெனி தரப்புத் தப்புன்னு. எங்க தரப்புன்னு போட்டது எனக்கு இன்னைக்கும் உடன்பாடில்லை.

நீங்க கேக்கலாம், அப்பறம் ஜெசிந்தாவுக்கு என்ன ஆச்சுன்னு. நவநீதன் என்னையக் கூப்புட்டு விசாரிச்சாரு, இதுக்கு யாரு பொறுப்பு? நான் இல்லாததைச் சொல்லலை. நடந்ததைத்தான் சொன்னேன். "சார், திறந்தது என் கைன்னு டீச்சர் வீட்ல அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு. மூடணும்னு தெரியும், மூடலைன்னும் சொல்லுச்சு. நான் பக்கத்துல இருந்து கேட்டேன்." ஒரு வார்த்தை கூட்டலை, கொறைக்கலை. என்ன செய்யறது சார், உண்மையைத்தானே சொல்ல முடியும்.

ராஜினாமா குடுக்கச் சொல்லிட்டாங்க. கடைசி நாள் எங்கிட்ட வந்துச்சு. நான் சொன்னேன், "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. எனக்கு உன் மேல எந்த வருத்தமும் இல்லை." பெருந்தன்மையாத்தான் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா சார்? அன்னைக்கு மண்டபத்துல திறக்கச் சொன்னது யாரு?"

யோசிச்சுப் பாத்தேன். மேடையில வரவேற்புரை முடியுது, ஓ.டி.பி வரலை, நவநீதன் கோட்டுக்குள்ள வேர்த்து நிக்கறாரு, டாக்டரம்மா பட்டனுக்கிட்டப் போறாங்க. "சூழ்நிலைம்மா"ன்னேன்.

சிரிச்சுது சார். கோவமாச் சிரிக்கலை, நல்லாத்தான் சிரிச்சுது. பையைத் தோள்ல போட்டுக்கிட்டு, "வர்றேன் சார்"னு போயிருச்சு. அடுத்த சில வாரம் எங்க டீம்ல ஒரு பயலும் எங்கிட்டச் சரியாப் பேசலை. வேலைப் பளு.

இதுலதான் டாக்டரம்மா ஒரு காரியம் பண்ணினாங்க. ஜெசிந்தா வேலையை விட்டுருச்சுன்னு தெரிஞ்சதும் வீட்டுக்குப் போன் போட்டு, லேப்புக்கு வந்துருன்னு கூப்புட்டிருக்காங்க. "உண்மை சொல்றவங்க எனக்கு ஒருத்தராவது வேணும்"னாங்களாம். இப்ப ஜெசிந்தா ஈரோட்ல. லேப்போட எல்லா கம்ப்யூட்டர் வேலைக்கும் அதுதான் தலை. நாங்க என்ன செஞ்சு குடுத்தாலும் அது பாத்து, தட்டிப் பாத்து, இழுத்துப் பாத்து, சரின்னாத்தான் போகும். நான் இப்ப மேடம்னுதான் கூப்புடறேன். மொதல்ல நாக்கு புரளலை, அப்பறம் பழகிருச்சு. மேடம் ரொம்ப மரியாதையாத்தான் பேசறாங்க, தப்பு சொல்லக் கூடாது. "தங்கவேலு சார், டீ சாப்பிடுங்க, அப்பறம் பாக்கலாம்"பாங்க. ஆனா திங்கக்கிழமை ஆனா போன் வந்துரும். சார், அதை மூடிட்டீங்களா, சார், இதுக்குச் சாவி யாருகிட்ட. அந்தக் குணம் போகவே இல்லை.

அவங்க போட்ட மொத நிபந்தனை என்ன தெரியுங்களா? கிளவுட்ல எதைத் திறந்தாலும், யாரு திறக்கச் சொன்னது, யாரு திறந்தது, என்னைக்கு மூடறதுன்னு பேரோட பதியணும். ரெண்டு பேரும். சொன்னவரு பேரும், செஞ்சவரு பேரும். பேரு போடலைன்னா திறக்கவே திறக்காது, அப்படி அமைச்சுட்டாங்க. டீம்னு போட்டா ஏத்துக்காது. நிர்வாகம்னு போட்டாலும் ஏத்துக்காது. நான் ஒரு தடவை சூழ்நிலைன்னு அடிச்சுப் பாத்தேன், செவப்பாக் காட்டுச்சு.

நான் சண்டை போட்டேன். "மேடம், இது எங்க பசங்களைச் சந்தேகப்படற மாதிரி இருக்குது"ன்னேன். "இல்லை சார், அடுத்து ஒரு பொண்ணு லேப்டாப்பை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்லா, அதுக்குத் துணையா இருக்கட்டும்"னாங்க. ஏதோ அவங்க ஊர்ப் பேச்சு, எனக்குப் பிடிபடலை.

ஆனா ஒரு ஆச்சரியம் சார். அந்த நிபந்தனை வந்ததுல இருந்து எங்க டீம்ல ஒருத்தரும் எதையும் இப்போதைக்குன்னு திறக்கறதில்லை. நானும்தான், இது வரைக்கும் ஒண்ணைக் கூடத் திறக்கச் சொல்லலை. ரெண்டு தேதி தள்ளிப் போச்சு, அப்பவும் சொல்லலை. டாக்டரம்மாவும் தள்ளிப் போகட்டும்னு விட்டுட்டாங்க. வாய் வரைக்கும் வருது, பேரு போடணுமேன்னு நெனைச்சதும் போயிருது. பசங்களுக்கும் அப்படித்தான் போல. எல்லாம் பூட்டி, கச்சிதமா இருக்குது.

போன வாரம் நவநீதன் கூப்புட்டுக் கேட்டாரு. "தங்கவேலு, எப்படிய்யா இப்படி ஒரு மாத்தம்? வேற கஸ்டமருங்க எல்லாம் இதைக் கேட்டு நம்மகிட்ட வர்றாங்க. யாரு காரணம்?"

நல்லா யோசிச்சுப் பாத்தேன். அந்தச் சம்பவத்துக்கு அப்பறம் நான் பசங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னாடி ஒரு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தேன். தூங்கினாங்கதான், ஆனா உள்ள போயிருக்குமில்ல. "என் வகுப்புதான் சார்"னேன்.

அவரு சரின்னுட்டு, கம்பெனி இணையதளத்துல இதை ஒரு செய்தியாப் போடப் போறோம், உன் பேரைப் போடலாமான்னு கேட்டாரு.

தாராளமாப் போடுங்க சார், முழுப் பேரும் போடுங்க, பக்கத்துல போட்டோவும் வெச்சுக்குங்கன்னேன்.